மழை விட்டது, வேலை விட்டது: ‘விடுதலை’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கத்தில் இருவர் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே ‘உங்க பக்கம் மழை விட்டுதா?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மாலையானதும் ‘ஸ்கூல் விட்டாச்சு’, ‘வேலை விட்டாச்சு’ என்ற குரல்கள் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் இறங்கி வரும். இரவில், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கும் தாய், ‘விட்டிருக்கு’ என்று சொன்ன பிறகுதான் படுப்பாள். விடுதலை என்ற சொல்லை விளக்கப் புகுகிறவர்கள் கொடிக்கம்பத்திலிருந்தோ சிறைக்கதவிலிருந்தோ தொடங்குவது வழக்கம். எனக்கு மழையிலிருந்து தொடங்குவதே சரியென்று படுகிறது. அந்தச் சொல்லின் உயிர் ‘விடு’ என்ற இந்தச் சின்ன வினையில்தான் இருக்கிறது.

மேற்கண்ட தொடர்களில் ஓர் ஒற்றுமை உண்டு. மழை பிடித்திருந்தது, பிறகு விட்டது. காய்ச்சல் பிடித்திருந்தது, பிறகு விட்டது. எது பிடித்ததோ அதுவேதான் விட வேண்டும். நனைகிறவன் மழையை விடுவதில்லை, மழைதான் அவனை விடுகிறது. ஆகவே விடுதலை என்ற சொல்லுக்குள் முன்பிருந்த ஒரு பிடியின் நினைவும், பிடித்திருந்த ஒரு கையின் அடையாளமும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருபோதும் பிடிபடாத ஒருவரை யாராலும் விடுதலை செய்ய முடியாது. நீதிமன்றத் தமிழ் இதை எவ்வளவு துல்லியமாகக் கையாள்கிறது என்று பாருங்கள்: குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர் ‘விடுதலை’ ஆகிறார், வழக்கு முடியாதவர் ‘பிணையில் விடப்படுகிறார்’. பிணை என்றால் கட்டு. அதாவது, கையிலிருந்து விட்டாலும் கயிற்றை இன்னும் விடவில்லை.

விடு என்னும் வினையின் குடும்பம் பெரியது. விடுமுறை, விடுப்பு, விடுதி ஆகியவை அலுவலகத்திலும் கல்லூரியிலும் நாள்தோறும் புழங்குபவை. விடையும் இந்தக் குடும்பம்தான். கேள்வி போட்ட முடிச்சை அவிழ்ப்பதும் விடை, விருந்தாளி புறப்படும்போது பெற்றுக்கொள்வதும் விடை. இவற்றுள் பெருமை மிக்கது வீடு. படு என்பது பாடு என்றும், கெடு என்பது கேடு என்றும், பெறு என்பது பேறு என்றும் முதலெழுத்து நீண்டு பெயராவதைப் போல, விடு என்பது நீண்டு வீடு ஆயிற்று. இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் வரும் வீடு, பற்றுகளிலிருந்து விடுபடும் நிலையைக் குறிக்கிறது. சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு, வேலையை விட்டுவந்து தங்கும் இடம் என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கத்தை நீலகிரியின் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவரிடம் சொன்னால் சிரிப்பார். தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்குத் தரும் வரிசைக் குடியிருப்பான லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் வீட்டையும் விட்டாக வேண்டும்.

நூலும் பங்கும்

சுதந்திரம் வடமொழியிலிருந்து வந்த சொல். ‘ஸ்வ’ என்றால் தன்னுடைய. ‘தந்திரம்’ என்பதற்கு முதற்பொருள் தறியில் ஓடும் பாவு நூல். நூல்கள் ஒழுங்காக ஓடுவதால் ஒழுங்குமுறை, ஆட்சிமுறை என்ற பொருள்களும் அதற்கு ஏற்பட்டன. இன்றைய தமிழில் தந்திரம் என்றால் சூழ்ச்சி என்று ஆகிவிட்டது பரிதாபம்தான். தன் நூலில் தானே ஓடுவது சுதந்திரம். பிறர் கட்டிய நூலில் ஓடுவது பரதந்திரம். இந்தச் சொல்லுக்குள் பிடித்த கை ஏதுமில்லை, விட்ட கையும் இல்லை. தனக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருப்பதை மட்டும் அது சொல்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாதபடி மனம்போன போக்கில் திரிவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பவர்கள், சொல்லின் பாதியை மட்டும் படித்தவர்கள்.

இதே சொல்லுக்குத் தமிழில் இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. பள்ளிப் பாடங்கள் அதைச் சொல்வதில்லை. 18ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களில் அறுவடை முடிந்ததும், தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியார் முதலிய ஊர் ஊழியர்களுக்குக் களத்திலேயே அளந்து கொடுக்கப்பட்ட நெல்லின் பங்குக்குச் சுதந்திரம் என்றே பெயர். ஆங்கிலேயரின் வருவாய்த்துறைப் பதிவுகளிலும் அந்தச் சொல் அப்படியே ஏறியிருக்கிறது. தமிழ் விவிலியத்தில் ‘சுதந்தரம்’ என்றால் வாரிசாகக் கிடைக்கும் உடைமை, ‘சுதந்தரவாளி’ என்றால் வாரிசு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் முதியவர்களுக்கு இந்தப் பொருள் இன்றும் பழக்கமானது. ஆகவே, தேசிய இயக்கத்தின் மேடைகளில் அரசியல் பொருள் வலுப்பெறுவதற்கு முன்பு, சாதாரணத் தமிழரின் காதில் சுதந்திரம் என்ற ஒலி பெரும்பாலும் ‘எனக்கு வர வேண்டிய பங்கு’ என்றே விழுந்திருக்கும். அந்தப் பழைய பொருளை நாம் இழந்தது நட்டம் என்றே நினைக்கிறேன்.

ஒரே நாளைச் சுதந்திர தினம் என்றும் விடுதலை நாள் என்றும் அழைக்கிறோமே, இரண்டும் ஒன்றில்லையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடுதலை ஒரு நிகழ்வு. அதற்குத் தேதி உண்டு, 1947 ஆகஸ்ட் 14க்கும் 15க்கும் இடைப்பட்ட நள்ளிரவு என்று நேரமும் சொல்லலாம். சுதந்திரம் ஒரு நிலை. அதற்குத் தொடக்க நாள் இருக்கலாம், ஆனால் அந்த ஒரு நாளோடு அது முடிந்துவிடுவதில்லை. சுயராஜ்யம், தன்னாட்சி, இறையாண்மை ஆகியவை நாட்டையோ அரசையோ பற்றிய சொற்கள்; தனி மனிதருக்கு அவற்றை நேராகப் பொருத்த முடியாது. குடியரசு என்பதும் வேறுதான். 1947க்குப் பிறகும் 1950 ஜனவரி 26 வரை பெயரளவில் நமக்குத் தலைவராக இருந்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். நாம் விடுதலை பெற்றிருந்தோம், குடியரசாகவில்லை.

ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அதை ‘இப்போ ஃப்ரீயா?’, ‘ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ’ என்று தேய்த்துவிட்டோம். ஆனால் அதன் வேர் ‘அன்புக்குரிய’ என்ற பொருளுடையது. நம் வாயில் புழங்கும் ‘பிரியம்’ அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. வீட்டில் அடிமைகளும் இருந்த பழங்காலத்தில், குடும்பத்தின் பிரியத்துக்குரிய உறவினர் யாரோ அவர்தான் ‘ஃப்ரீ’. யாருக்கும் சொந்தமில்லாதவர் என்பதைவிட, சொந்தங்கள் உள்ளவர் என்பதே அதன் பழம்பொருள்.

துரை மாறினால்

உரிமை என்பது ‘உரி’ என்ற அடியிலிருந்து வருகிறது; உரியது, உரியவர், உரித்து என்பவை அதன் உறவுகள். விடுதலைக்கு ஒரு பிடித்த கை வேண்டும் என்றால், உரிமைக்கு ஒரு கடன்பட்ட கை வேண்டும். எனக்கு உரிமை உண்டு என்று நான் சொன்னால், அதை நிறைவேற்ற யாரோ ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. அப்படி யாரும் கடமைப்படாத இடத்தில் உரிமை என்று எழுதி வைப்பது காகிதத்துக்குத்தான் அழகு.

தோட்டத்தில் லைன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். துரை (தோட்டத்தின் மேலாளரை அப்படித்தான் அழைப்பார்கள்) நல்லவர், முறையிட்டவுடன் ஆள் அனுப்பி ஓட்டை மாற்றிக் கொடுக்கிறார். அடுத்த மழைக்குள் அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறார். புதிய துரை காது கொடுப்பதில்லை. துரை மாறினால் மாறிவிடுவது சலுகை. எந்தத் துரை வந்தாலும் மாறாமல் நிற்பது உரிமை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமைகளாக விதித்தபோது செய்ய முயன்றது இதைத்தான்: துரையின் மனத்திலிருந்ததை எடுத்துச் சட்டத்தின் ஏட்டில் வைத்தது.

இந்த இடத்தில் தத்துவத்திலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் ஐசாயா பெர்லின், சுதந்திரத்தை இருவகையாகப் பிரித்தார். என் வழியில் குறுக்கிடுபவர் யாருமில்லை என்பது ஒருவகை. என் வாழ்வை நானே நடத்துகிறேன் என்பது மற்றொன்று. முன்னதை எதிர்மறைச் சுதந்திரம் என்றும் பின்னதை நேர்மறைச் சுதந்திரம் என்றும் வழங்குகிறார்கள். எதிர்மறை என்றவுடன் கெட்டது என்று எண்ணிவிடக் கூடாது, தடையின்மை என்பதுதான் பொருள். பெர்லின் இரண்டாவதை ஐயத்தோடு பார்த்தார். ‘உனக்கு எது நல்லது என்று உன்னைவிட எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் ஆட்சியாளர்கள் அதன் பெயரால்தான் வருவார்கள் என்பது அவருடைய அச்சம். மூன்றாவதாக, பிலிப் பெட்டிட் போன்றோர் வலியுறுத்தும் பார்வை ஒன்று உண்டு: நினைத்தால் தலையிடக்கூடிய ஓர் எசமானர் இருக்கும்வரை, அவர் தலையிடாமலே இருந்தாலும், நாம் சுதந்திரமானவர் அல்லர். நல்ல துரையின் கீழ் வாழும் தொழிலாளியின் நிலை இதுதான். தடை ஏதுமில்லை, ஆனால் காலையில் துரையின் முகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க முடிகிறது. மூன்றில் இந்த மலைகளுக்கு மிகவும் பொருந்துவது மூன்றாவதுதான் என்பது என் கருத்து.

தடையின்மை மட்டும் போதாது என்பதற்குப் பேருந்துக் கட்டணம் நல்ல உதாரணம். கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஊட்டிக் கல்லூரிக்குப் போக ஒரு பெண்ணுக்கு எந்தச் சட்டத் தடையும் இருந்ததில்லை. தினமும் போய்வரும் காசு இல்லையென்றால் அந்தத் தடையின்மையால் அவள் ஓர் அடி கூட நகர முடியாது. தமிழ்நாட்டில் 2021இல் நகரப் பேருந்துகளில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் பின்னர் மலைப்பகுதிகளுக்கும் வந்தபோது, அதை ‘ஃப்ரீ பஸ்’ என்று சொன்னவர்கள் தம்மையறியாமலே கட்டணமில்லாதது, சுதந்திரமானது என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒருசேரச் சொன்னார்கள்.

பற்று

தமிழில் விடுதலைக்கு எதிர்ச்சொல் எது என்று கேட்டால் அடிமைத்தனம், சிறை, கட்டு என்று பலவற்றைச் சொல்லலாம். நான் ‘பற்று’ என்பேன். சமயத்தில் பற்று என்றால் ஆசையின் பிடி. அது விட்டால் வீடு. கணக்குப் புத்தகத்தில் பற்று என்றால் வாங்கிய கடன். அதற்கு எதிர்ப்பக்கம் வரவு. இந்த இரண்டு பற்றும் மலைகளின் வரலாற்றில் ஒன்றாகிவிட்டன, ஏனென்றால் இங்கே மனிதரைப் பிடித்து வைத்தது பெரும்பாலும் சங்கிலி அல்ல, கணக்குப் புத்தகம்.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு எதிரானது என்று படிக்கிறோம். உண்மையில் அது யாரையும் தேடிப்போய் விடுவிக்கவில்லை. ‘இவன் என் அடிமை’ என்று ஒருவர் வந்து நின்றால் நீதிமன்றம் அதை ஏற்காது என்றது, அவ்வளவே. அரசு தன் கையை விலக்கிக்கொண்டது, ஆண்டையின் கை அங்கேயே இருந்தது. வயநாட்டில் பணியர், அடியர் என்னும் பழங்குடியினர் மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில், ஓராண்டு வேலைக்கு நிலவுடைமையாளரிடம் தம்மை ஒப்புக்கொடுத்து வந்தார்கள். அப்போது கைமாறிய சிறு தொகைக்கு ‘நில்ப்புப் பணம்’ என்று பெயர். நிற்பதற்கான பணம். விடு என்ற வினைக்கு நேரெதிராக நில் என்ற வினையை யாரோ தெரிந்தே வைத்ததைப் போலிருக்கிறது. கூடலூர் வட்டாரம் 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்படும்வரை வயநாட்டின் பகுதிதான். பணியர் இன்றும் எல்லையின் இரு பக்கமும் வாழ்கிறார்கள்.

தோட்டங்களில் இதே வேலையைச் செய்தது முன்பணம். ஆள் திரட்டும் கங்காணி ஊருக்கு வந்து கையில் பணத்தைக் கொடுத்து மலைக்கு அழைத்துப் போவார். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அந்தப் பணத்தோடு கணக்கில் ஏறும். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டிக்க 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வழிவகுத்திருந்தது. கடன்பட்டவர் ஓடிப்போவது குற்றமாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. அதை வைத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்தில் விலை பேசுவார். புதிய தோட்டம் பணம் கட்டும். கடன் தீராது, கடன் கொடுத்தவர்தான் மாறுவார். ஓர் ஆள் விடுபடுவதும் விற்கப்படுவதும் ஒரே காகிதத்தில் நடந்தன. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

கடனையும் விடுதலையையும் சேர்த்துப் பார்ப்பது நம் மலைக்கு மட்டும் உரியதன்று. எழுத்தில் கிடைத்துள்ள விடுதலைச் சொற்களில் மிகப் பழையது என்று சுமேரிய மொழியின் ‘அம-கி’ என்பதைச் சொல்வார்கள். இன்றைய ஈராக்கின் தெற்கே இருந்த லகாசு நகரத்தில், 4,300 ஆண்டுகளுக்கு முன்பு, கடனுக்காக அடிமையானவர்களை மன்னர் விடுவித்ததைப் பற்றிய பதிவுகளில் அந்தச் சொல் வருகிறது. அதன் நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’. அம என்றால் தாய் என்பதைக் கண்டதும் சுமேரியரைத் தமிழராக்கிவிடத் துடிக்க வேண்டியதில்லை. உலகின் பல மொழிகளில் குழந்தையின் வாயில் முதலில் உருள்கிற ஒலி அது. கடன் தள்ளுபடியான அடிமை முதலில் செய்தது என்ன என்று அந்தச் சொல் சொல்வதுதான் முக்கியம்: வீட்டுக்குப் போனார்.

தாயகம் திரும்பியோர்

நீலகிரியில் இந்தச் சொல்லை நினைக்காமல் இருக்க முடியாது. இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாக அங்கே தேயிலை பறித்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஒரு நாட்டின் விடுதலை அந்த நாட்டு மக்கள் எல்லாருடைய சுதந்திரமும் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கிட்டது. 1974இல் அந்த எஞ்சியவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த எண்ணுக்குள் தாம் விழ வேண்டும் என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து சொல்ல அந்த மக்களுக்கு இடம் இருக்கவில்லை.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இந்த மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. இன்று டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று அழைக்கப்படுவது அதுதான். அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. சுமேரியச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு போலவே இருக்கிறது. ஊரார் வைத்த பெயர் ‘சிலோன்காரங்க’. எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டியிடம் ஒருமுறை, எந்த ஆண்டில் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: ‘திரும்பினேன்னு எழுதிக்கிட்டாங்க தம்பி. நான் பொறந்ததே நுவரேலியாவுல. வந்தேன், அவ்வளவுதான்.’ திரும்புதல் என்றால் முன்பு இருந்த இடத்துக்குப் போவது. அவர் முன்பு இங்கே இருந்ததில்லை. நாடற்ற நிலையிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்தது உண்மை. ஆனால் விடு என்ற வினைக்கு இன்னொரு முகமும் உண்டு. கையை விட்டால் விடுதலை, கைவிட்டால் அனாதை. இரண்டுக்கும் இலக்கணத்தில் வேறுபாடு மிகச் சிறியது.

கொத்தடிமை ஒழிப்பிலும் இதே வேறுபாடுதான் உயிர்நிலை. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் முழுச் சட்டமான கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், ஆளை விடுவித்ததோடு அவரைப் பிடித்திருந்த கடனையும் செல்லாததாக்கியது. பற்று போனால்தான் விடுதலை என்பதை அது புரிந்துகொண்டிருந்தது. மீட்கப்பட்டவருக்கு அதிகாரி ஒரு விடுதலைச் சான்றிதழ் தருகிறார். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் மறுவாழ்வு வராவிட்டால், சில மாதங்களில் அவர் வேறொரு முன்பணத்தில் போய் நிற்பார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் வந்த காலம் நெருக்கடி நிலைக் காலம். 1975 ஜூனில் வெளியான ஆணையின்படி, உயிருக்கும் தன்னுரிமைக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமும் அதை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. மறுத்து எழுதிய ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. ஒரே அரசு, ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஏழைக்கு விடுதலையை அளித்துக்கொண்டே எல்லாருடைய சுதந்திரத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டு சொல்லும் ஒன்றென்று நினைப்பவருக்கு இந்த வரலாறு விளங்காது. பின்னர் அரசியலமைப்பின் 1978ஆம் ஆண்டு 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளில் கைவைக்க முடியாதபடி செய்தது.

சீட்டும் சங்கிலியும்

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை, செங்குத்துப் பாறையில் கொடியேணி கட்டித் தேன் எடுக்கும் குறும்பர் பழங்குடியினர் நன்றாக அறிவர். காடு அரசுடையது என்று ஆன பிறகு, பாட்டன் எடுத்த அதே பாறையில் தேன் எடுப்பதற்கு அவர்கள் வேறொருவரின் சீட்டை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது அதன் தலைப்பிலுள்ள ‘அங்கீகரித்தல்’ என்ற சொல். உரிமையைக் கொடுக்கிறோம் என்று அது சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறோம் என்கிறது. செயலில் எவ்வளவு நடந்தது என்பதைப் பற்றி மலைக்கிராமங்களில் மனக்குறை நிறையவே உண்டு. ஆயினும் சொல் சரியான சொல்.

இனி, கட்டுப்பாடு. கட்டுப்பாடு என்றாலே சுதந்திரத்துக்குப் பகை என்று பலரும் எண்ணுகிறார்கள். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நாடெங்கும் தடையின்றி நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. அதே பிரிவு, பொதுமக்கள் நலனுக்காகவும் பழங்குடியினர் நலனுக்காகவும் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். கல்லார் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்பவர் ‘இது என்ன சுதந்திர நாடா?’ என்று சலித்துக்கொள்வது இயல்பே. அவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: விதித்தவர் யார், எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா, தவறென்றால் முறையிட இடம் இருக்கிறதா. இவற்றுக்கு விடை இருக்குமானால் அது கட்டுப்பாடு. இல்லையென்றால் கட்டு.

முதுமலையின் தெப்பக்காடு முகாமின் வளர்ப்பு யானைகளை மாலையில் காட்டுக்குள் மேய அவிழ்த்துவிடுவார்கள். இரவு முழுவதும் அவை விரும்பிய மூங்கிலைத் தின்னலாம், காட்டு யானைகளோடும் சேரலாம். காலில் ஒரு நீண்ட சங்கிலி மட்டும் இழுபட்டுக்கொண்டே போகும்; விடிந்ததும் பாகன் மண்ணில் பதிந்த அந்தக் கோட்டைப் பார்த்து நடந்து யானையைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த இரவுக்கு என்ன பெயர் என்று என் வகுப்பில் கேட்பதுண்டு. சுதந்திரம் என்று சிலர் சொல்வார்கள். விடுப்பு என்று சொன்ன ஒரு மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அதற்குச் சற்றுத் தொலைவில் வாழைத்தோட்டம் என்ற ஊரில், தும்பிக்கை நுனி சிதைந்த ஓர் ஆண் காட்டு யானை ஊருக்குள் பழகித் திரிந்தது. ரிவால்டோ என்று பெயரிட்டிருந்தார்கள். 2021 மே மாதம் வனத்துறை அதைப் பிடித்து மரக்கட்டைகளால் ஆன கராலில் அடைத்தது. முகாம் யானையாக்கக் கூடாது என்ற குரல்கள் எழுந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, முதுமலையின் உட்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு எல்லா நாளிதழ்களும் விடுவிப்பு என்றே எழுதின, அது சரியும்தான். ஓரிரு நாளுக்குள் அந்த யானை, யாரும் ஓட்டாமல், யாரும் அழைக்காமல், காலரைச் சுமந்தபடியே பல மைல் நடந்து வாழைத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.